சோம்பலும் களைப்பும்: உழைப்பவர் உடலை அளந்த அறிவியலின் தமிழக, மலையக வரலாறு (1908–2023)

ஆய்வுச் சுருக்கம்

பணியிட நடத்தையை உடலியல், நரம்பியல் அறிவைக் கொண்டு விளக்கும் முயற்சி மேலைநாட்டு மேலாண்மைத் துறையில் அண்மையில் தோன்றிய போக்காகவே பெரும்பாலும் கருதப்படுகிறது. தமிழகத்திலும் இலங்கை மலையகத்திலும் அம்முயற்சிக்கு ஒரு நூற்றாண்டுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. 1908ஆம் ஆண்டின் இந்தியத் தொழிற்சாலைத் தொழிலாளர் ஆணையம், குன்னூர் ஊட்டச்சத்து ஆய்வகம், இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் நிகழ்ந்த இரும்புச்சத்து ஆய்வு, விழுப்புரம், திருவண்ணாமலைக் கரும்பு உழவரிடையே நிகழ்ந்த அறிதிறன் ஆய்வு, சென்னைத் துயில் ஆய்வு ஆகியவற்றை இக்கட்டுரை வரிசைப்படுத்தி ஆராய்கிறது. உழைப்பவரின் குணக்குறை எனப்பட்டவற்றை அறிவியல் உடல்நிலையாகவும் வாழ்நிலையாகவும் மாற்றிக் காட்டியது என்பதும், வேலை நேரத்தையும் கூலியையும் வரையறுக்கும் அதிகாரம் அந்த அறிவோடு சேர்ந்து இடம்பெயரவில்லை என்பதும் இக்கட்டுரையின் முடிபுகள்.

திறவுச்சொற்கள்: உழைப்பு, களைப்பு, உடலியல், நரம்பியல், டி. எம். நாயர், குன்னூர், மலையகம், துயில், வேலை நேரம்.

முன்னுரை

உழைப்பவர் ஒருவர் வேலையின் நடுவே எழுந்து செல்கிறார். பிற்பகலில் அவருடைய கை தளர்கிறது. கணக்கில் பிழை நேர்கிறது. இவற்றை விளக்க இரு வழிகள் உள்ளன. ‘அவர் அப்படிப்பட்டவர்’ என்பது ஒரு வழி. ‘அவர் உடலும் மூளையும் இந்நிலையில் உள்ளன’ என்பது மற்றொரு வழி. முதலாவது குணத்தைச் சுட்டுகிறது. இரண்டாவது நிலையைச் சுட்டுகிறது. குணம் எனக் கொண்டால் தீர்வு கண்டிப்பாகவும் தண்டமாகவும் அமைகிறது. நிலை எனக் கொண்டால் ஓய்வு, உணவு, கூலி, வேலை நேரம் ஆகியவை பற்றிய வினாக்கள் எழுகின்றன. ஆகவே எந்த விளக்கம் ஏற்கப்படுகிறது என்பது அறிவியல் வினாவாக மட்டும் நின்றுவிடுவதில்லை. அது நிருவாக வினாவும் சட்ட வினாவும் ஆகும். முதல் விளக்கத்திலிருந்து இரண்டாவதை நோக்கித் தமிழ் உழைப்பாளரைப் பற்றிய பேச்சு எவ்வாறு நகர்ந்தது, அந்நகர்வு எங்கே நின்றது என்பவற்றை இக்கட்டுரை காண முயல்கிறது.

கூரமும் உத்தரமேரூரும்: அளவீட்டுக்கு முந்தைய ஒழுங்கு

உழைப்பவர் உடலை அளக்கும் வழக்கம் தோன்றுவதற்கு முன் பணியும் பணியாளர் தகுதியும் எவ்வாறு வரையறுக்கப்பட்டன என்பதை அறியக் காஞ்சிபுரம் வட்டாரத்து ஆவணங்கள் இரண்டு உதவுகின்றன. முதலாவது, ஏழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆண்ட முதலாம் பரமேசுவரவர்மனின் கூரம் செப்பேடு. கொடையாக அளிக்கப்பட்ட பரமேசுவரமங்கலம் இதில் இருபத்தைந்து பங்குகளாகப் பிரிக்கப்படுகிறது. கோயில் வழிபாட்டுப் பணிகளுக்கு மூன்று பங்கும், மண்டபத்துக்கு நீரும் தீயும் வழங்குவதற்கு ஒரு பங்கும், அம்மண்டபத்தில் பாரதம் வாசிப்பதற்கு ஒரு பங்கும் ஒதுக்கப்படுகின்றன. எஞ்சிய இருபதும் சதுர்வேதிகளுக்கு உரியவை. இங்குப் பணிக்குப் பங்கு உண்டு. அப்பணியைச் செய்பவர் எவ்வளவு நேரம் செய்தார், எவ்வளவு விரைந்து செய்தார் என்னும் அளவுகோல் இல்லை.

இரண்டாவது, முதலாம் பராந்தகனின் உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் (919, 921). வாரிய உறுப்பினர்க்கான தகுதிகளாக நிலவுடைமை, சொந்த மனையில் வீடு, கல்வி, முப்பத்தைந்துக்கும் எழுபதுக்கும் இடைப்பட்ட அகவை ஆகியவற்றை 921ஆம் ஆண்டுக் கல்வெட்டு கூறுகிறது. முன்னர் வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் விலக்கப்படுகின்றனர். பணியிட நடத்தைக்கு இங்கு வைக்கப்பட்ட சோதனை கணக்குக் காட்டுதல் ஆகும். பொறுப்பில் இருப்பவரே பதில் சொல்லக் கடமைப்பட்டவர்.

இவ்வொழுங்கை உயர்த்திப் பேசுவது பொருந்தாது. நிலமுடையோர், வேதம் கற்றோர் ஆகியோரின் ஒழுங்கு இது. ஏரி வெட்டியவர், கால்வாய்க்கு மண் சுமந்தவர், வயலில் இறங்கியவர் ஆகியோரின் களைப்பு இவ்விரு ஆவணங்களிலும் பேசுபொருள் ஆகவில்லை. உழைப்பவரின் உடல் ஆவணத்தில் இடம்பெறத் தொழிற்சாலை வரவேண்டியிருந்தது. அது இடம்பெற்றபோது சோதனையின் திசையும் மாறியது. அளக்கப்படுபவர் கீழேயும் அளப்பவர் மேலேயும் நின்றனர்.

ஆலையும் மருத்துவரும்: 1908

1881ஆம் ஆண்டின் முதல் இந்தியத் தொழிற்சாலைச் சட்டம் குழந்தைகளின் வேலை நேரத்தை மட்டுமே வரையறுத்தது. 1891ஆம் ஆண்டுச் சட்டம் பெண்களின் வேலை நேரத்தைப் பதினொரு மணியாக்கியது. வயது வந்த ஆண்களுக்கு எல்லை எதுவும் இல்லை. மின்விளக்கு ஆலைகளுக்கு வந்தபின் கதிரவன் மறைவும் எல்லையாக இல்லாமற் போயிற்று. இப்பின்னணியில் அமைக்கப்பட்ட இந்தியத் தொழிற்சாலைத் தொழிலாளர் ஆணையம் 1908இல் அறிக்கை அளித்தது.

ஆலைத் தொழிலாளர் வேலையின் நடுவே அடிக்கடி வெளியே செல்வதும் புகைப்பதும் உலவுவதும் அக்காலத்து விவாதத்தில் முதன்மை பெற்றன. இந்தியத் தொழிலாளி இயல்பாகவே நிதானமாக வேலை செய்பவர் என்றும், நீண்ட நேரம் ஆலையில் இருந்தாலும் முழுநேரமும் உழைப்பதில்லை என்றும் வாதிடப்பட்டது. இவ்வாதத்தின் பயன் வெளிப்படையானது. உலவுதல் இயல்பான குணம் என்றால் வேலை நேரத்தைக் குறைக்க வேண்டிய தேவை இல்லை. ஆணையத்தின் பெரும்பான்மையினர் வயது வந்த ஆண்களின் வேலை நேரத்தைச் சட்டத்தால் நேரடியாக வரையறுக்க உடன்படவில்லை.

அதற்கு மாற்றுக் குறிப்பு எழுதியவர் ஆணைய உறுப்பினர் டாக்டர் டி. எம். நாயர். சென்னையில் மருத்துவத் தொழில் செய்த அவர், பின்னர் நீதிக்கட்சி என்று அறியப்பட்ட தென்னிந்திய நல உரிமைச் சங்கத்தை 1916இல் தோற்றுவித்தவர்களுள் ஒருவர். வயது வந்த ஆண்களுக்கும் நேரடிச் சட்ட எல்லை வேண்டும் என அவர் வற்புறுத்தினார். 1911ஆம் ஆண்டுச் சட்டம் நெசவாலைகளில் ஆண்களின் வேலை நேரத்தைப் பன்னிரண்டு மணியாக வரையறுத்தது. தமிழக அரசியல் வரலாற்றில் நாயர் வகுப்புரிமை இயக்கத்தவராகவே பெரிதும் நினைக்கப்படுகிறார். உழைப்பின் வரலாற்றில் அவருக்குள்ள இந்த இடமும் கவனத்துக்குரியது.

இதே காலத்தில் ஐரோப்பாவில் களைப்பு அளவீட்டுக்கு உரிய பொருளாகிவிட்டது. டூரின் நகர உடலியலாளர் ஆஞ்சலோ மோஸ்ஸோ, விரல் ஒன்று எடையை இழுத்து இழுத்துத் தளர்வதைக் கோடாக வரைந்து காட்டும் கருவியை உருவாக்கி, களைப்பைப் பற்றிய தம் நூலை 1891இல் வெளியிட்டார். முதல் உலகப்போரின்போது பிரிட்டன் 1915இல் வெடிமருந்துத் தொழிலாளர் நலக் குழுவையும், 1918இல் தொழிற்களைப்பு ஆய்வு வாரியத்தையும் அமைத்தது. நேரத்தை நீட்டிக்கொண்டே போவதால் உற்பத்தி அதே அளவில் உயர்வதில்லை என்பது இவ்வாய்வுகளால் வலுப்பெற்றது.

அதே 1918ஆம் ஆண்டு ஏப்ரலில் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. பி. பி. வாடியா, திரு. வி. க., செல்வபதி செட்டியார், இராமாநுஜுலு நாயுடு ஆகியோரின் முயற்சியால் பின்னி ஆலைத் தொழிலாளர் ஒன்றுகூடியபோது அவர்கள் எழுப்பிய தொடக்கக் குறைகளுள் ஒன்று, நண்பகல் உணவு இடைவேளை போதவில்லை என்பது. பிரிட்டனில் வாரியம் அளந்து கண்டதைப் பெரம்பூர்த் தொழிலாளர் தம் உடலால் அறிந்திருந்தனர். அவர்களிடம் கருவி இல்லை. ஆகையால் அவர்களது அறிவு ‘சான்று’ எனப்படாமல் ‘கோரிக்கை’ எனப்பட்டது. இவ்வேறுபாடு பின்வரும் நூற்றாண்டு முழுவதும் தொடர்கிறது.

குன்னூர்: உணவும் ‘உடல் திறனின்மை’யும்

குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தில் 1918இல் ராபர்ட் மெக்காரிசன் தொடங்கிய பெரிபெரி நோய் ஆய்வு, 1929 அளவில் ஊட்டச்சத்து ஆய்வகமாக வளர்ந்தது. இந்தியாவின் பல்வேறு வட்டார மக்கள் உண்ணும் உணவுகளை எலிகளுக்குக் கொடுத்து அவற்றின் வளர்ச்சியை அவர் ஒப்பிட்டார். சீக்கியர் உணவு பெற்ற எலிகள் நன்கு வளர்ந்தன. வங்காள, சென்னை மாகாண உணவு பெற்றவை பின்தங்கின. வேளாண்மைக்கான அரச ஆணையத்துக்கு அவர் அளித்த குறிப்புரை, இந்திய மக்களின் உடல் திறனின்மைக்கும் நோய்க்கும் ஊட்டக்குறைவே காரணம் என வாதிட்டது.

இது ஒரு பெரிய நகர்வு. தென்னாட்டு உழைப்பாளியின் தளர்ச்சி இனத்தின் இயல்பு அன்று. தட்டில் உள்ளதன் விளைவு என்பது இதன் உட்பொருள். ஆனால் எலிகளின் வரிசை குடியேற்ற அரசின் ‘போர்க்குடி’க் கொள்கையோடு எளிதாகப் பொருந்தியது. வடமேற்கு வீரர், அரிசியுண்ணும் தெற்கத்தியர் என்னும் பழைய பாகுபாடு புதிய சான்றோடு மீண்டும் ஒலிக்க வழி ஏற்பட்டது. மேலும், தீட்டிய அரிசியை உண்பது அறியாமையா, வறுமையா என்ற வினாவை எலிக்கூண்டால் விடுவிக்க இயலாது. கூலியும் விலையும் அக்கூண்டுக்கு வெளியே இருந்தன.

1935இல் ஆய்வகப் பொறுப்பேற்ற வாலஸ் அக்ராய்டு காலத்தில் கவனம் குடும்ப உணவு ஆய்வுகளை நோக்கித் திரும்பியது. இந்திய உணவுகளின் சத்து மதிப்பைத் தொகுத்த 1937ஆம் ஆண்டு வெளியீடு இக்காலத்தது. இவ்வாய்வகம் 1958இல் ஐதராபாத்துக்கு மாறியது. லூசி வில்ஸ் 1928இல் பம்பாயில் தொடங்கிக் குன்னூரிலும் தொடர்ந்த பேறுகாலக் குருதிச்சோகை ஆய்வும் குறிப்பிடத்தக்கது. ஏழைப் பெண்களின் சோகைக்கு ஈஸ்ட் சாறு மருந்தாவதை அவர் கண்டறிந்தார். பின்னாளில் ஃபோலேட் எனப் பெயர் பெற்ற சத்தைக் கண்டறிய அது வழிவகுத்தது. பெண் உழைப்பாளியின் குருதி ஆய்வுப் பொருளானது இவ்வாறு.

மலையகம்: கொழுந்தின் எடையும் குருதியின் நிறமும்

குருதிச்சோகையைப் பணியிட நடத்தையோடு நேராக இணைத்துப் பார்த்த ஆய்வு இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் நிகழ்ந்தது. எட்ஜெர்டன், கார்ட்னர், குணவர்தன, சேனவிரத்ன உள்ளிட்டோர் நடத்திய இவ்வாய்வு 1979இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியாயிற்று. கொழுந்து பறிக்கும் தொழிலாளருள் ஒரு பிரிவினருக்கு இரும்புச்சத்தும் மற்றொரு பிரிவினருக்குச் சத்தில்லாப் போலி மருந்தும் அளிக்கப்பட்டன. ஒரு மாதத்துக்குப் பின், ஹீமோகுளோபின் அளவு உயர்ந்தவர்கள் பறித்த கொழுந்தின் எடை, உயராதவர்கள் பறித்ததை விட மிகுந்திருந்தது. டெசிலிட்டருக்கு 6 முதல் 9 கிராம் வரை மட்டுமே ஹீமோகுளோபின் இருந்த, கடுமையான சோகையுடையவர்களிடம் முன்னேற்றம் பெரிதாக இருந்தது. உடலசைவைப் பதியும் கருவிகளும் இதையே காட்டின. இரும்புச்சத்துப் பெற்றவர்களின் தன்னியல்பான இயக்கமே மிகுந்திருந்தது.

இம்முடிவின் பொருள் ஆழமானது. அத்தோட்டங்களின் உழைப்பாளருள் பெரும்பான்மையினர் மலையகத் தமிழர். தோட்டத்தின் வழக்கில், குறித்த எடைக்குக் கொழுந்து பறித்தால் ஒரு ‘பேர்’, குறைந்தால் ‘அரைப்பேர்’. தராசின் முன் கொழுந்துக் கூடையின் எடை குறைந்தபோது அதைச் சோம்பல் எனக் கொண்டு கங்காணி கடிந்தார். அந்தக் குறைவின் ஒரு பகுதி நாளங்களில் ஓடிய குருதியில் இருந்தது என்பதை இவ்வாய்வு நிறுவியது. அரைப்பேர் என்பது நோய்க்கு விதிக்கப்பட்ட தண்டமாகவும் இருந்துள்ளது.

குருதியில் இரும்பு ஏன் குறைந்தது என்பதற்கு விடை அச்சமூகத்தின் வரலாற்றில் உள்ளது. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அவர்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964ஆம் ஆண்டு சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களை இரு நாடுகளுக்கிடையே பங்கிட்டது. 1970களின் நடுப்பகுதியில் உணவுத் தட்டுப்பாடு தோட்டங்களைக் கடுமையாகத் தாக்கியது. தோட்டப் பெண்களுக்கு ஆண்களுக்கு இணையான நாட்கூலி 1984இல்தான் கிடைத்தது. இரும்புச்சத்துத் தரும் பொருளாதார ஆதாயத்தை ஆய்வு தெளிவாக எடுத்துக்காட்டியது. எனினும் கூடுதல் கொழுந்தின் மதிப்பில் பறித்தவருக்கு உரிய பங்கு எவ்வளவு என்பது மருத்துவ இதழின் வினாவாக அமையவில்லை.

கரும்பும் கவனமும்: உடலிலிருந்து மூளைக்கு

இருபத்தோராம் நூற்றாண்டில் அளவீடு குருதியிலிருந்து அறிதிறனுக்கு நகர்ந்தது. ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன், எல்டர் ஷஃபிர், ஜியாயிங் ஜாவோ ஆகியோர் 2013இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியிட்ட ஆய்வின் ஒரு பகுதி தமிழகத்தின் 54 சிற்றூர்களைச் சேர்ந்த 464 கரும்பு உழவரைப் பற்றியது. கரும்பு உழவருக்கு ஆண்டில் ஒருமுறையே பெரும்பணம் வருகிறது. ஆகவே ஒரே உழவர் அறுவடைக்கு முன் கடனிலும், அறுவடைக்குப் பின் வசதியிலும் இருக்கிறார். வடிவங்களின் ஒழுங்கை உய்த்துணரும் சோதனையையும், மனக்கட்டுப்பாட்டை அளக்கும் சோதனையையும் இரு காலங்களிலும் நடத்தியபோது, அறுவடைக்கு முன் அதே மனிதர் குறைவாகவே தேறினார். ஆலைகள் வெட்டு நாளை உழவருக்கு உழவர் வேறுபடுத்தி வைத்திருந்ததால் பருவநிலையின் தாக்கத்தைப் பிரித்தறியவும் முடிந்தது.

அறிவுக் குறைவால் வறுமை நேர்கிறது என்னும் பொதுக் கருத்தை இவ்வாய்வு தலைகீழாக்கியது. வறுமை மூளையின் கவனத்தைத் தன்பால் இழுத்துக்கொள்கிறது என்றது. இம்முடிவு விவாதத்துக்கு உட்பட்டது என்பதையும் சுட்ட வேண்டும். அதன் புள்ளியியல் முறை குறித்து உடனே மறுப்புகள் எழுந்தன. அமெரிக்காவில் சம்பள நாளுக்கு முன்னும் பின்னும் சோதித்த கார்வால்ஹோ, மேயர், வாங் ஆகியோரின் 2016ஆம் ஆண்டு ஆய்வு இத்தகைய அறிதிறன் வேறுபாட்டைக் காணவில்லை. ஒரு மாதச் சம்பளத்துக்கான காத்திருப்பும் ஓர் ஆண்டு விளைச்சலுக்கான காத்திருப்பும் ஒன்றல்ல என்பது இங்கு எண்ணத்தக்கது.

சென்னை: துயிலின் விலை

இவ்வரிசையில் மிகவும் சிந்திக்கத்தக்கது, பெசோன், ராவ், ஷில்பாக், ஸ்கோஃபீல்ட், டோமா ஆகியோர் சென்னையில் நடத்தி 2021இல் வெளியிட்ட துயில் ஆய்வு. குறைந்த வருவாயுடைய 452 பேருக்குத் தரவுப் பதிவு வேலை அளிக்கப்பட்டது. மணிக்கட்டில் அணிவிக்கப்பட்ட கருவி அவர்கள் துயிலை அளந்தது. இரவில் ஏறத்தாழ எட்டு மணி நேரம் படுக்கையில் கழித்தும் அவர்கள் உண்மையில் துயின்றது ஐந்தரை மணி நேரமே. வெப்பம், இரைச்சல், கொசு ஆகியவை துயிலைக் கலைத்தன.

அறிவுரை, துயிலுக்கான பொருள்கள், ஊக்கத்தொகை ஆகியவற்றால் இரவுத் துயில் சராசரி 27 நிமிடம் கூடியது. உற்பத்தித் திறனும் முடிவெடுக்கும் ஆற்றலும் இதனால் உயரும் என்பதே வல்லுநர்களின் எதிர்பார்ப்பு. அவ்வாறு உயரவில்லை. மாறாக, பணியிடத்தில் அமைதியான சூழலில் அளிக்கப்பட்ட அரைமணிப் பிற்பகல் துயில், இடைவேளை மட்டும் பெற்றவர்களை விட உற்பத்தித் திறனையும் கவனத்தையும் மனநலத்தையும் மேம்படுத்தியது. ஆயினும் அந்த அரைமணியிலும் வேலை செய்தவர்களுடன் ஒப்பிட்டால், துயின்றவர்களின் வருவாய் குறைந்தது.

இம்முடிவுகளை மூன்று கூறுகளாகக் காணலாம். ஒன்று, கலைந்து கலைந்து வரும் துயிலின் நீளத்தை மட்டும் கூட்டுவது போதவில்லை. துயிலின் தரம் வீட்டின் சுவரிலும் தெருவின் இரைச்சலிலும் உள்ளது. இரண்டு, உடலுக்கு நன்மை தரும் ஓய்வைப் பணியிடமே தர முடியும். மூன்று, செய்த வேலைக்கும் இருந்த நேரத்துக்கும் ஏற்பவே கூலி என்னும் முறையில் அந்த நன்மையின் விலையைத் தொழிலாளி தம் பையிலிருந்தே செலுத்துகிறார். 1918இல் பின்னி ஆலைத் தொழிலாளர் எழுப்பிய இடைவேளை வினாவும் இங்கு வந்து நிற்கும் வினாவும் ஒன்றே: அந்த அரைமணி யாருடையது?

சட்டத்தில் உடல்: 2021, 2023

தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் 2021இல் செய்யப்பட்ட திருத்தம் கடைத் தொழிலாளருக்கு இருக்கை வழங்குவதைக் கட்டாயமாக்கியது. நாள் முழுதும் நிற்பதை வாடிக்கையாளருக்குக் காட்டும் பணிவாகக் கருதிவந்த துணிக்கடை வழக்கத்துக்கு எதிராக, நிற்பது காலுக்கும் முதுகுக்கும் நேரும் துன்பம் என்பதைச் சட்டம் ஏற்றுக்கொண்டது. பட்டுக் கடைகள் நிறைந்த காஞ்சிபுரத்துக்கு இதன் பொருள் விளக்கம் வேண்டாதது. குணமாகப் படிக்கப்பட்ட ஒன்று உடலாகப் படிக்கப்பட்டு உரிமையாக மாறிய அரிய நேர்வு இது.

எதிர்த்திசை நேர்வும் உண்டு. பன்னிரண்டு மணி நேர வேலைநாளுக்கு இடமளிக்கும் தொழிற்சாலைச் சட்டத் திருத்தம் 2023 ஏப்ரல் 21 அன்று தமிழகச் சட்டமன்றத்தில் நிறைவேறியது. தொழிற்சங்கங்களும் கட்சிகளும் எதிர்த்தமையால் ஏப்ரல் 24 அன்று நிறுத்திவைக்கப்பட்டு, மே நாளில் திரும்பப் பெறப்படுவதாக அறிவிக்கப்பட்டது. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பகுதித் தொழிற்சாலைகளால் காஞ்சிபுரம் மாவட்டம் இவ்விவாதத்தின் நடுவே இருந்தது. பன்னிரண்டு மணி என்னும் எண் 1911இல் உழைப்பைக் கட்டுப்படுத்தும் உச்ச எல்லையாக வந்தது. 1922இல் பதினொன்றாகவும், 1934இல் பத்தாகவும், 1948இல் ஒன்பதாகவும் அது குறைந்தது. அதே எண் 2023இல் நெகிழ்வு என்னும் பெயரில் திரும்பி வந்தது. இடைப்பட்ட நூற்றாண்டில் களைப்பைப் பற்றிச் சேர்ந்த அறிவு அதைத் தடுக்கவில்லை. அமைப்பாகத் திரண்ட தொழிலாளரின் எதிர்ப்பே தடுத்தது.

முடிவுரை

ஆணையம், எலிக்கூண்டு, கொழுந்துத் தராசு, அறிதிறன் சோதனை, மணிக்கட்டுக் கருவி என அளவீட்டின் வடிவம் மாறிவந்துள்ளது. ஒவ்வொரு கட்டத்திலும் சோம்பல், மந்தம், கவனமின்மை எனப்பட்டவற்றின் அடியில் வேலை நேரமோ உணவோ குருதியோ கடனோ துயிலோ இருப்பது வெளிப்பட்டது. உழைப்பவரைப் பற்றிய இழிசொற்களுக்கு எதிரான சான்றாக இவ்வறிவியலின் பயன் மறுக்க இயலாதது.

ஆயினும் இவ்வறிவியல் பெரும்பாலும் உற்பத்தியின் அளவையே தன் முடிவுப் புள்ளியாகக் கொண்டது. இரும்புச்சத்துக் கொழுந்தைக் கூட்டாமலும், பிற்பகல் துயில் தரவுப் பதிவை விரைவாக்காமலும் இருந்திருந்தால், சோகை நீங்குவதும் களைப்பு ஆறுவதும் தம்மளவில் போதிய பயன்களாகக் கருதப்பட்டிருக்குமா என்ற வினா எஞ்சுகிறது. நரம்பியல் கருவிகள் பணியிடத்துள் இன்னும் நெருக்கமாக வரும் காலத்தில் இவ்வினா கூர்மையடையும். தொழிலாளியின் கவனத்தையும் துயிலையும் அளக்கும் நிறுவனம், அவ்வளவீட்டைக் கொண்டு தான் என்ன செய்தது என்பதற்கு யாரிடம் கணக்குக் காட்டும்? கணக்குக் காட்டாதவர் பொறுப்பில் இருக்கத் தகுதியற்றவர் என்னும் உத்தரமேரூர் விதி அன்று நிலமுடையோருக்குள் மட்டும் செல்லுபடியாயிற்று. அளப்பவருக்கும் அதை விரித்துக் கேட்பது, தமிழகத்தில் இனி நிகழவுள்ள பணியிட நடத்தை ஆய்வுகளின் முதல் கடமையாகும்.